கேட்ட பிறகே கத்தரி

என் மூத்தவளுக்கு,

நீ கடல் தாண்டிப் போன நாளிலிருந்து உன்னோடு நான் பேசவில்லை. இப்போதும் பேசவில்லை, எழுதுகிறேன்.

உன் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் நடந்ததை அம்மா சொன்னாள். “என் புருஷன் காலையிலேர்ந்து பிஸ்ட், பேச்சு குழறுது” என்றாளாம் ஒருத்தி. அந்த ஊர் ஆங்கிலத்தில் பிஸ்ட் என்றால் குடிவெறியாம். தூங்கினால் சரியாகிவிடும் என்றானாம் பக்கத்து இருக்கைக்காரன். நீ மட்டும் “குடிச்சிருக்காரா?” என்று கேட்டாயாம். அவள் வேறு நாட்டுக்காரி. அவள் ஊரில் பிஸ்ட் என்றால் கோபமாம், அந்தப் பொருளில் சொல்லியிருக்கிறாள். குடியே தெரியாத மனுஷனுக்குப் பக்கவாதம். உடனே வண்டி அனுப்பிப் பிழைக்க வைத்துவிட்டாய்.

அது யார் புத்தி? நம் சலூனில் “லேசா வெட்டுங்க” என்று வருகிறவர்களில் எந்த இருவருக்கும் அந்த ‘லேசா’ ஒரே அளவாக இருந்ததில்லை. “எவ்வளவுன்னு விரல்ல காட்டுங்க” என்று கேட்காமல் நான் கத்தரியைத் தொட்டதில்லை.

இன்று உன் கதையைச் சொல்லிக்கொண்டே, கேட்காமல் கொள்ளாமல் தபால்காரர் மீசையை எடுத்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்தவர், “மீசை கெடக்கட்டும், அப்புறம் உம்ம பொண்ணு என்ன பண்ணா?” என்றார்.

இன்னும் பேசாத,
அப்பா