நாச்சியாரின் இரண்டாம் நீர்வாணம்

வெண்குன்ற நாடும் மணிவாய் ஆற்றின் இரு கரையும் ஒரு குடைக்கீழ் ஆண்டு, வடவெல்லைப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் திருவிறற் பெருமாள் திருமுன்னர், ஆலங்கேணிப் பள்ளியில் மணலில் எழுத்துப் பழகி, தங்கள் தந்தையார் காலம் முதல் இந்நாட்டு ஓலைநாயக மந்திரியாக ஊழியம் புரியும் நெடுமருதன் தெண்டனிட்டு வரையும் விண்ணப்பம். பெருமாளின் தோளும் வாளும் நலமுற்றிருக்கக் குன்றின் மேல் கொற்றவை காத்தருள்க.

இவ்வோலையின் வலமூலை கிள்ளப்பட்டிருப்பதை முதலிலேயே பார்த்திருப்பீர்கள். அருள்கூர்ந்து அமர்ந்துகொண்டு மேலே வாசிக்க வேண்டும். இதற்கு முன் மஞ்சள் பூசி நான் விடுத்த நற்செய்தி ஓலை பொய்யாகிப் போயிற்று. தங்கள் ஒரே திருமகளார், நாச்சியார் பூங்குழை, இப்போது இல்லை.

நடந்ததை நடந்த வரிசையில் எழுது என்றுதான் பள்ளியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். வேறெப்படி எழுதுவதென்று இன்று எனக்குத் தெரியவும் இல்லை.

தாங்கள் படையோடு புறப்பட்ட அன்று கோட்டை வாயிலில் விட்ட வாணங்களைக் கண்டு, நாச்சியார் தாமும் ஒன்று செய்ய வேண்டும் என்றார். வெடிமருந்துத் தூளைப் பிள்ளை கையில் தரலாகாது என்று மறுத்தேன். நேரே கொல்லன் களத்துக்குப் போய், துருத்தியின் வாயை ஈரத்துணியால் அடைத்து ஏறி மிதித்தார். துணி பறந்து வந்து என் தலைப்பாகையைத் தட்டிக்கொண்டு போயிற்று. நெருப்பில்லாத வாணம் செய்யலாம் என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

முற்றிய சுரைக்குடுக்கை ஒன்றை எடுத்து, ஈர நரம்புக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி வெயிலில் வைத்தோம். கயிறு காய்ந்து இறுக, குடுக்கை கல்போலாயிற்று. பக்கத்தில் மூன்று பனையோலைச் சிறகுகள், உச்சியில் தேன்மெழுகு உருண்டை. உள்ளே நீர் வார்த்து, வாயைக் கீழாகத் திருப்பி, மூங்கில் குழாயின் மேல் தக்கை வைத்து இறுக்கினோம். குழாயின் மறுமுனையில் துருத்தி. ஒருவர் மிதித்துக் காற்றை ஏற்ற, குடுக்கையைப் பிடித்திருக்கும் ஆப்பை நாச்சியார் கயிறு கட்டி இழுப்பார்.

நீரே இல்லாமல் விட்டபோது வாணம் ஒருமுறை இருமிவிட்டுச் சாய்ந்தது. நிறைய வார்த்து விட்டபோது முழங்கால் அளவு எழும்பி என் மேல் கவிழ்ந்தது. நாச்சியார் தரையில் உட்கார்ந்து சிரித்தார். "ஓலைத் தாத்தா, வாணம் கோயில் யானை மாதிரி எழும்பவே மாட்டேங்குது, உம்ம மீசைக்குத்தான் அபிஷேகம்!" என்றார். அவர் சொல்லை ஓலைத் தமிழுக்கு மாற்ற மனம் வரவில்லை, பொறுத்தருள வேண்டும். மூன்றில் ஒரு பங்கு நீர் வார்த்து விட்ட அன்று அது கொடிமரத்தைத் தாண்டிப் போயிற்று. போன வழியெல்லாம் தூறல் விழுந்தது. "அப்பா திரும்பி வர்றப்ப இதைத்தான் விடணும். நெருப்பு வாணம் கருகிப் போய் விழுது. இது மழையா விழுதுல்ல?" என்றார்.

அதன்பின் நாச்சியாருக்கு வைசூரி கண்டது.

வழக்கப்படி அவரை ஆற்றிடைத் திட்டில் வேப்பந்தழைக் குடிலில் வைத்தோம். முன்பே அம்மை வார்த்துப் பிழைத்த செவிலி காடாத்தி உடன் சென்றாள். அம்மன் இறங்கியிருக்கும் இடத்தில் முரசு ஒலிக்கலாகாது, நெருப்பு காட்டலாகாது, குரல் உயர்த்திக் கூப்பிடவும் ஆகாது, அங்கிருப்பவர் இக்கரைக்கு வரவும் ஆகாது என்பது பெருமாள் அறிந்ததே. பிள்ளையின் நலத்தை இக்கரையிலிருந்து எப்படி அறிவது? நீர்வாணம் குளிர்ந்தது, அம்மனுக்கு உகந்தது. ஆகவே அந்த வாணத்தையும் அதேபோல் செய்த இன்னொன்றையும் கொல்லன் துருத்தியையும் மஞ்சள் நீர்க் குடத்தையும் திட்டில் இறக்கிவைத்து, அம்மன் இறங்கிப் போய்த் தலைக்கு நீர் வார்க்கும் நாளில் ஒன்றை விடவேண்டும் என்று அடையாளம் குறித்தோம். வாணம் எழுந்தால் பிள்ளை பிழைத்தது. அதைக் குறித்தவன் அடியேன்.

ஒரு நண்பகலில் அது எழுந்தது. கரையில் நின்ற நான் என் கண்ணால் கண்டேன். மஞ்சள் நீர் வெயிலில் சிதறிற்று. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. முரசறைய ஆணையிட்டேன். தெருவெல்லாம் பானகம் வார்த்தோம். அந்த மகிழ்ச்சியில் மஞ்சள் பூசி ஓலை எழுதி, இலாயத்திலேயே விரைந்த குதிரையில் தங்களுக்கு விடுத்தேன்.

மாலையில் திட்டின் கரையில் காடாத்தி தலைவிரிகோலமாக வந்து நின்றாள். கூப்பிடவில்லை, நின்றாள். நானே ஓடம் ஏறிப் போனேன்.

தலைக்கு நீர் வார்க்கவே இல்லை. காய்ச்சல் ஏறிக் கிடந்த நாச்சியார், வாணம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மை கண்டவர் எது கேட்டாலும் கேட்பது அம்மனே, மறுத்தல் ஆகாது என்பது நம் நாட்டில் எல்லோரும் அறிந்தது. அடையாளம் குறித்த அன்று எங்களில் ஒருவரும் அதை நினைக்கவில்லை. "நான் எப்படி ஐயா மாட்டேன்னு சொல்வேன்? கேட்டது பிள்ளையா, ஆத்தாளா?" என்று காடாத்தி என்னைக் கேட்டாள். அவளே ஒற்றையாய்த் துருத்தி மிதித்திருக்கிறாள். நாச்சியார் படுத்தபடியே கயிற்றை இழுத்தாராம். வாணம் எழுந்ததும் சிரித்தாராம்.

பிறகு எங்கள் முரசு திட்டில் கேட்டிருக்கிறது. "அப்பா வந்துட்டாங்களா?" என்று கேட்டார். அதற்கும் மறுப்புச் சொல்ல முடியாமல், "வந்துட்டாங்க, ஆத்தா" என்றிருக்கிறாள் அவள். "அப்படின்னா அடுத்த வாணத்துக்கு அப்பாதான் மிதிக்கணும். இது என் ஆணைன்னு எழுதச் சொல்லு. நீ மிதிச்சா முக்குது" என்றார் நாச்சியார். பொழுது சாயும் முன்னே அடங்கிவிட்டார். வழக்கப்படி திட்டிலேயே வேம்பின் அடியில் அடக்கம் செய்தோம்.

முரசொலி கேட்டுத்தான் அம்மன் சினந்தாள் என்று ஊரில் சிலரும், செவிலியை நாடு கடத்த வேண்டும் என்று அவையில் சிலரும் பேசுகிறார்கள். இரண்டும் தங்கள் செவிக்கு எட்டும். பிள்ளையின் கடைசிச் சிரிப்பைக் கண்டவள் அவள் ஒருத்தியே என்பதை மட்டும் நான் எழுதி வைக்கிறேன்.

முன்னே போன குதிரையைப் பிடிக்க ஆள் விட்டேன். அதற்குள் வடதுறை ஓடம் அதை ஏற்றிப் போய்விட்டது. இந்த எழுத்தை நான் கீறும் வேளையில் தாங்கள் மஞ்சள் ஓலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பீர்கள். பாசறையில் பால்சோறு வழங்கச் சொல்லியிருப்பீர்கள். அந்த மகிழ்ச்சியைத் திருப்பி வாங்க வருகிறது இவ்வோலை. ஐயனே, இதைச் சுமந்து வருபவன் மேல் சினம் கொள்ள வேண்டாம்.

இனி ஆணை. வெண்குன்ற நாட்டு நாச்சியார் பூங்குழை கட்டளையிட்டபடி, திருவிறற் பெருமாள் எல்லைக் காவலைத் தளபதியிடம் ஒப்புவித்துத் தாமே நேரில் வந்து, திட்டில் நிறுத்தியுள்ள இரண்டாம் வாணத்துக்குத் தம் காலால் துருத்தி மிதிக்கக் கடவர். தாங்கள் வரும் வழியில் முரசு ஒலிக்காது.

மன்னருக்கு ஆணை எழுத மந்திரிக்கு முறையில்லை. ஆகையால் இந்த அரக்கில் பதிந்திருப்பது என் முத்திரையன்று. நாச்சியாரின் கிளி மோதிரம். அது என் சுண்டுவிரல் நுனியிலும் ஏறவில்லை. இரு விரலால் பிடித்துத்தான் அழுத்தினேன்.

வாணத்தில் மூன்றில் ஒரு பங்கு நீர் வார்த்து வைத்திருக்கிறோம். சுரைக்குடுக்கை நீரை உறிஞ்சிவிடுகிறது. குறையக் குறையக் காடாத்தி வார்த்து வருகிறாள்.