பொத்தான் இல்லாத சட்டை

பேஸ்பால் முகாம், போகா சிக்கா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் மூட்டுவலி குறைந்ததா? அடுத்த வாரம் அமெரிக்கர்கள் தங்கள் அணிகளுக்கு ஆள் எடுக்க வருவதால், முகாமில் ஓய்வே இல்லாமல் முழு வேகத்தில் பந்து எறிகிறோம். நேற்று பக்கத்துக் கட்டில் யாதியேல் முழங்கை வலிக்கிறது என்றான்.

"வலிக்குதா? அப்ப ஊருக்குப் போய் வாழைக்காய் பொரிச்சு வில்லுடா," என்றார் பயிற்சியாளர் நெல்பி. மாலைக்குள் கட்டில் காலி. அதைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

"உனக்கு எப்படிடா?" என்று என்னையும் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல, வாத்தியாரே."

உண்மைதான், வலது சுண்டுவிரல் மட்டும் அவ்வப்போது மரத்துப்போகிறது. சித்தி வரும்போது பொத்தான் இல்லாத சட்டை இரண்டு கொடுத்தனுப்பு. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே. இடது கையால் எழுதிப் பழகுகிறேன்.

மணி அடித்துவிட்டது. பந்து எறியப் போகிறேன்.

உன் யெய்சன்