அறுவடைக் காலத்துக் குழல்

கம்பம்
16.6.2003

அன்புள்ள சீலாவுக்கு,

ஸலாம். ஹாஸ்டலில் நான் ஸலாம் சொன்னால் நீ தோத்திரம் சொல்வாய். இனி அந்தப் பதில் வர ஒரு வாரமாகும். கல்யாணமாகி நீ போனபின் நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் செய்திருக்கலாம்தான். உங்கள் வீட்டில் யார் எடுப்பார்கள், என்ன சொல்லி உன்னைக் கேட்பது என்று நினைத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டேலி கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். முன்பக்கம் எஸ்.டி.டி. பூத், பின்பக்கம் கம்ப்யூட்டர்கள். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, ஞாயிறு வேலை. மத்தியானம் யாரும் வரமாட்டார்கள். ஜீப்காரர்கள் "குமுளி, குமுளி" என்று கூவுவது மட்டும் கேட்கும்.

முதலாளி சுந்தர்ராஜ் சார் மதுரையிலிருந்து புது கேம் ஒன்று வாங்கிவந்தார். நாடு பிடிக்கிற விளையாட்டு. ஒரு ஆறு, இரண்டு பக்கமும் மலை. ஊர் கட்டி, வாய்க்கால் வெட்டி, விதைக்க வேண்டும். அவசரமே இல்லை. நாம் யோசித்து முடிக்கும்வரை அது காத்திருக்கும். எனக்கு ஏற்ற விளையாட்டு, இல்லையா?

அதைவிட அதன் இசை. எல்லையில் படை நின்றால் முரசு அடிக்கும், அதில் ஒன்றுமில்லை. சண்டையில்லாமல் கதிர் முற்றினால் ஒரு குழல் வரும். தனியாகத் தொடங்கும். இன்னொரு குழல் கொஞ்சம் பிந்தித்தான் சேரும். முதல் குழல் அதற்காக நின்று நின்று போகும். மவுஸில் வைத்த கையை அசைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். "டேலி சொல்லிக் குடுக்கச் சொன்னா நீ ராஜ்யம் ஆளுறியேம்மா!" என்றார் சார்.

இரண்டு பேர் மாறி மாறி ஆடலாம். சிடிக்கு நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். என் முறையை ஆடி முடித்து ஃப்ளாப்பியில் பதிந்திருக்கிறேன். உன் முறையை ஆடி, அதே ஃப்ளாப்பியைத் திருப்பி அனுப்பு. உடையாமலிருக்க இரண்டு காலண்டர் அட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். தபாலாபீசில் முத்திரைக் கட்டையை ஓங்கும்போது "அண்ணே, மெதுவா குத்துங்க" என்று சொல்லப்போகிறேன். நானேதான் சொல்வேன், நம்பு.

உன் முறைக்குக் காத்திருக்கும்
ரெஹானா


கோயம்புத்தூர்
2.7.2003

என் ரெஹானா,

தோத்திரம்! நீ கவுன்ட்டரில் வாய் திறந்தாய் என்றால் அன்று கம்பத்தில் மழை பெய்திருக்க வேண்டும்.

இங்கே கம்ப்யூட்டர் என் கொழுந்தன் செல்வினுடையது. இஞ்சினியரிங் படிக்கிறான். அவன் காலேஜுக்குப் போனதும் நான் உட்கார்ந்துவிடுவேன். அக்கரையில் இரண்டு ஊர் கட்டிவிட்டேன். ஒன்றுக்கு தேவதானப்பட்டி என்று பெயர், எங்கள் அப்பா கடை இருக்கிற ஊராயிற்றே. இன்னொன்று கெங்குவார்பட்டி. படைக்கு வைத்திருந்த காசையெல்லாம் மாந்தோப்பில் போட்டேன். உன் பக்கம் மதில் கட்டப்போவதில்லை. வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்.

பிந்தி வருகிற குழல் நீதான். மெஸ்ஸுக்கு ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருக்கிறாயா?

இவர்கள் நல்லவர்கள். ஆனால் நான் நம் ஊர்ப் பேச்சில் "மாமா வந்தாக" என்றால் கூடிச் சிரிக்கிறார்கள். அதனால் கொஞ்சமாகப் பேசுகிறேன். நான் கொஞ்சமாகப் பேசுகிறேன்! நீ சிரிப்பது கேட்கிறது.

முத்தங்களுடன்
சீலா


கம்பம்
10.11.2003

அன்புள்ள சீலா,

இப்போதெல்லாம் ஃப்ளாப்பியைச் சுற்றிவரும் தாளில் "நலம். உன் முறை" என்பதற்குமேல் எதுவும் இல்லை.

வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "பொண்ணு கம்ப்யூட்டர் சென்டர்ல என்ன செய்யுதுன்னு உத்தமபாளையத்துக்காரக கேட்டாக, நான் என்னத்தச் சொல்ல?" என்று அம்மா கேட்டது. நாடு பிடிக்கிறாள் என்று சொல்லச் சொன்னேன். மனதுக்குள்தான். நீ இருந்திருந்தால் சத்தமாகச் சொல்லியிருப்பாய்.

ஒன்று கேட்க வேண்டும். தேவதானப்பட்டியைச் சுற்றி மதில் எழும்பியிருக்கிறது. மாந்தோப்பை வெட்டிவிட்டுப் படைக்கூடாரம் போட்டிருக்கிறது. புதிய ஊர்களுக்குக் கேம் தானாகத் தரும் பெயர்களே இருக்கின்றன. ஃப்ளாப்பியைப் போட்டதுமே முரசுதான். உனக்கு என்மேல் ஏதோ கோபம் என்று பல நாள் யோசித்தேன். நேற்றுத்தான் வேறு மாதிரி தோன்றியது.

ஆடுவது நீதானா, சீலா?

ரெஹானா


கோயம்புத்தூர்
21.11.2003

அன்பு ரெஹானா,

நான் இல்லை. செல்வின்.

ஆகஸ்டில் அவனுக்கு லீவு விட்டார்கள். "நகருங்க அண்ணி, நான் ஒரு கை பாக்குறேன்" என்றான். காலேஜ் திறந்ததும் மறுபடி போய் உட்கார்ந்தேன். "வயசுப் பையன் ரூம்ல உனக்கு என்ன வேலை?" என்று கேட்டார் அத்தை. அவ்வளவுதான். அவனுடைய அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் சமையலறை. சாயங்காலம் அவன் ஆடுவது கேட்கும். முரசு, முரசு, முரசு. அந்தக் குழலைக் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

சொன்னால் நீ ஃப்ளாப்பி அனுப்புவதை நிறுத்திவிடுவாய். இந்த வீட்டுக்கு என் பெயர் போட்டு வருகிற தபால் அது ஒன்றுதான். "உன் முறை" என்று எழுதும் பொறுப்பையாவது நான் விடவில்லை, பார்த்தாயா.

கோபித்துக்கொள். ஆனால் எழுது.

சீலா


கம்பம்
3.12.2003

அன்புள்ள சீலா,

கோபித்துக்கொண்டேன். இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. உன்னோடு ஆடுவதாக நினைத்து, முகம் தெரியாத ஒரு பையனோடு தனியாக ஆடியிருக்கிறேன் என்பதுதான் இன்னும் ஒரு மாதிரியாக இருக்கிறது.

ஆற்றங்கரையில் முதன்முதலாகக் கட்டி 'ஹாஸ்டல்' என்று பெயர் வைத்தேனே, அந்த ஊரை செல்வினுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன். ஒரு பெரிய ஊரைக் கொடுத்தால் கேம் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தச் சமாதானக் காலம் முடியும்வரை யார் படையும் நகராது. என் மதிலைத் தாண்டி அவனால் வர முடியாமல்தான் இருந்தது. நான் தோற்கவில்லை என்பதை மட்டும் உனக்குச் சொல்லிவைக்கிறேன்.

பயிர் முற்றும் பருவத்தில் நிறுத்திப் பதிந்திருக்கிறேன். இந்த ஃப்ளாப்பியை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ சமையலறைக்குப் போ.

ரெஹானா


கோயம்புத்தூர்
17.12.2003

என் ரெஹானா,

வந்தது. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். கையை எடுக்காமல் அப்படியே நின்றேன், இரண்டாவது குழலும் வந்து சேரும்வரை.

"அண்ணி, உங்க ஃப்ரெண்டுக்கு ஆடவே தெரியலைங்க! சும்மாவே ஒரு ஊரைத் தூக்கிக் குடுத்துட்டாங்க!" என்று அங்கிருந்து கத்தினான். "சத்தத்தைக் கொறைக்காம ஆடு" என்றேன்.

மூன்று சாயங்காலம் கேட்டேன். நான்காம் நாள், சண்டை இல்லாவிட்டால் இதெல்லாம் ஒரு கேமா என்று அதை அழித்துவிட்டுக் கார் ரேஸ் போட்டுவிட்டான். உன் ஃப்ளாப்பியில் இப்போது அவனுடைய புராஜெக்ட் இருக்கிறது. அதனால் இனி அனுப்ப வேண்டாம்.

ஞாயிறு காலை இவர்களெல்லாம் முதல் ஆராதனைக்குப் போய்விடுவார்கள். சமைத்துவைத்துவிட்டு நான் இரண்டாவதற்குப் போவேன். எட்டு மணிக்கு வீட்டில் நான் மட்டும்தான். உனக்கு அன்று வேலை, போன் பூத்தும் அங்கேயே இருக்கிறது. வயர் உள்ளேவரை எட்டுமா என்று பார்.

நான்தான் எடுப்பேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். ரிசீவரை ஸ்பீக்கர் பக்கத்தில் வை, போதும்.

சீலா