பக்கத்து ஆசனத்து லேஞ்சி

இன்று காலை ரயிலில் ஒரு பெண் பக்கத்து ஆசனத்தில் தன் கையுறையை வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எடுக்கச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை. நான் நின்றுகொண்டே போனேன். உம்முடைய நினைவு வந்தது. நான் அழைக்கவில்லை, அதுவாக வந்தது.

நீர் பிக்கரிங்கில் ஏறுவீர். நான் ஸ்காபரோவில் ஏறும்போது பெட்டி நிரம்பியிருக்கும். ஆனால் உம் பக்கத்தில் ஒரு லேஞ்சி விரிந்து கிடக்கும். யாழ்ப்பாணத்து பஸ்ஸில் யன்னலுக்குள்ளால் கைக்குட்டையை எறிந்து இடம் பிடிக்கும் பழக்கத்தைக் கடல் கடந்தும் விடாதவர் நீர். வெள்ளைக்காரர் அதைத் தொடவே மாட்டார்கள். யாரோ மூக்குச் சிந்திய துணி என்று நினைத்திருப்பார்கள்.

"தோய்ச்சது ஐசே, பயப்பிடாம இரும்," என்பீர். "வழியில வந்த ஏரியை நான் பாத்து முடிச்சிட்டன். உமக்கு இனி யன்னலுக்கு வெளியில கராச்சும் மதிலும்தான்."

என் நாளில் தமிழ் இருந்தது நாம் இறங்கும் யூனியன் நிலையம் வரும்வரைதான். மாலையில் அறைக்குத் திரும்பினால் சுவர். பொறியியல் பட்டத்தோடு வந்தவனை அடுத்தவனின் வரைபடத்தைப் பிரதி எடுக்க வைத்த மனிதர்களை நான் வைது தீர்ப்பதும் அந்த ஆசனத்தில்தான்.

"வையும் ஐசே, நல்லா வையும். அவங்களுக்கு விளங்காது, எனக்குப் பொழுது போகும்."

பிறகு ஒரு பனிக்காலக் காலை. என் இடத்தில் உம்முடைய கந்தோர் மேலதிகாரி இருந்தார். நீர் பதவி உயர்வுக்குக் காத்திருந்த காலம் அது. லேஞ்சியைக் காணவில்லை. "என்ன ஐசே?" என்றேன். நீர் நிமிர்ந்து பார்த்து, ஆங்கிலத்தில், "அடுத்த பெட்டியில் இடம் இருக்கிறது, சேர்," என்றீர்.

'ஐசே' போய் 'சேர்'! வழி தவறி வந்த எவனோ ஒருவனுக்குச் சொல்வதுபோல.

அடுத்த பெட்டிக்குப் போனேன். அன்றிலிருந்து அதுவே என் பெட்டி. யூனியனில் இரண்டொரு முறை பின்னால் வந்து, "ஒருக்கா நில்லும் ஐசே," என்றீர். நான் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும்? பிழை உம்முடையது.

இரண்டு வருடம் அப்படியே போனது. இந்தப் பனிக்காலத்தில், கந்தோர் மேசையிலேயே உம் இதயம் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு, உம் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். உம் மேலதிகாரி வரவில்லை. அதில் எனக்கு ஓர் அற்பத் திருப்தி. என் பெயரைச் சொன்னதும் உம் மனைவி கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள்தானே அண்ணை இவரோட றெயினில போறனீங்கள்? கடைசிவரைக்கும் பின்னேரம் வந்தா உங்கட கதைதான். இண்டைக்கு ஆரை வைஞ்சனீங்கள் எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

நாம் பேசாதிருந்த காலம் முழுவதும் என் வசவுகளை நீரே இட்டுக்கட்டி வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறீர்.

"கடைசியா அண்டைக்குக் காலமை றெயினில என்ன கதைச்சவர், அண்ணை? வெளிக்கிட்ட அவதியில எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த உரிமை எனக்கு இருந்தது.

"சம்பலுக்கு உப்புக் காணாதாம்," என்றேன்.

அழுதுகொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். "ஓம், அப்பிடித்தான் சொல்லியிருப்பார்."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுக்கிறார். "இன்னும் ஏதும் ஞாபகம் வருதே, அண்ணை?" என்கிறார். ஏதாவது சொல்கிறேன். வேறு எவரும் என்னை அழைப்பதில்லை. அதனால் கிழமை முழுவதும், போகும்போதும் வரும்போதும், நீர் எதற்கு என்ன சொல்லியிருப்பீர் என்று யோசித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உம்மை நான் மன்னிக்கவில்லை. ஆனால் உம்முடைய பேச்சில் ஒரு சொல்லும் பிசகாமல் பார்த்துக்கொள்கிறேன். பிசகினால் அவர் கண்டுபிடித்துவிடுவார்.