முதுகில் ஏழு வட்டங்கள்

மாப்பிள்ளைக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நேற்று எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. நாள் முழுக்கத் தையல் மிஷின் முன்னால் குனிந்திருக்கும் உங்கள் மனைவி, தான் போகிற கப்பிங் நிலையத்துக்கே என்னைக் கூட்டிப்போனாள். அப்படி ஓர் இடம் இருக்கிறதென்று அவள் முன்பே சொன்னாள். உங்களைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன்.

அங்கிருந்த பெண் என் முதுகில் ஏழு கப் வைத்தாள். "இது தோலை உறிஞ்சித் தூக்கும்மா. ரத்தம் அங்க ஓடி வரும், கூடவே ஆக்சிஜனும் வரும், இறுகின தசை தளரும்னு சொல்வாங்க. கன்னிப்போன மாதிரி தடம் விழும், பயப்படாதீங்க."

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். இவள் முதுகில் பார்த்து, உங்கள் கைவேலை என்று நினைத்து, அன்று இவளைப் பெட்டி கட்ட வைத்தேனே, அதே கருஞ்சிவப்பு வட்டங்கள். பத்து நாளாகப் போயிருந்த உயிர் திரும்பி வந்தது, மாப்பிள்ளை.

உங்கள் மாமா என் முதுகை எட்டிப் பார்த்தார். "நல்லவேளை, உங்கம்மா இப்ப இல்ல. இருந்திருந்தா என்னை ஒரு வார்த்தை கேக்காம உன்னைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க" என்றார்.

நீங்கள் வந்து அலைய வேண்டாம். கூட்டி வந்தவள் நான்தானே, ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து விடுகிறேன். கதவைத் திறந்தால் போதும்.

கழுத்துச் சரியாகிவிட்ட
உங்கள் அத்தை