அருளப்பனுக்கு விழுந்த இதயங்கள்

ஐப்பசி 14, செவ்வாய்.

எழுத்து தெரியாததால் போனிடம் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

எங்கள் எஸ்டேட் வாட்சப் குழுவில் நேற்று யாரோ ஒரு கட்டுரையைப் பகிர்ந்தார்கள். தேயிலைக் காட்டில் யானையிடம் வழி விடச் சொல்லிக் கேட்கும் வழக்கத்தைப் பற்றியதாம். அதன் கீழே பக்கத்து வீட்டு அருளப்பன் ஒரு கதை எழுதியிருக்கிறான். இன்று டீக்கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினான். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்து, யானையைப் பார்த்து, "பெரியவரே, பிள்ளைங்க பசியோட இருக்கு, வழி விடுங்க" என்று கும்பிட்டவள் அவன் அம்மாவாம்.

அது என் அம்மா. போன மழைக்காலத்தில் நான்தான் அவனுக்குச் சொன்னேன்.

"உங்க அம்மை ஃபாக்டரியில வேலைக்கு நின்னவல்லா. யானைய எங்கலே பாத்தா?" என்றேன்.

"எழுதுனது நான்லா! மொத ஹார்ட் போட்டதே நீதாம்ல," என்றான். கடையே சிரித்தது.

குழுவில் எது வந்தாலும் இதயத்தை அமுக்கிவிடுவது என் பழக்கம். சும்மா இருந்தால் ஆள் செத்துப்போய்விட்டான் என்று நினைப்பார்கள். இப்போது அவனுக்கு ஊரே இதயம் போடுகிறது. என்னுடையதையாவது திரும்ப எடுத்துவிட வேண்டும். எப்படி எடுப்பது என்று அருளப்பனிடம்தான் கேட்க வேண்டும்.