நான்கு வரிநத்தைகளின் சாவு குறித்து என்மீது நானே தரும் புகார்

அனுப்புநர்:
முன்னாள் ஆய்வக உதவியாளர்,
தற்போது காட்சிக்கூட வழிகாட்டி,
இயற்கை அருங்காட்சியகம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
இயற்கை அருங்காட்சியகம்.

பொருள்: வரிநத்தைப் பெட்டியின் பெயர்ப்பலகையைத் திருத்தவும், என்மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. அழிந்த உயிரினங்களின் கூடத்தில் டோடோ, பயணப்புறா, வடகடல் கடற்பசு ஆகியவற்றைத் தாண்டினால், கடைசிப் பெட்டியில் நான்கு நத்தை ஓடுகள் உள்ளன. உலகில் எஞ்சியிருந்த வரிநத்தைகள் அவ்வளவுதான். "துப்புரவுப் பணியாளரின் கவனக்குறைவால் மாண்டன" என்னும் பலகையைப் பார்வையாளர்களுக்கு நாள்தோறும் வாசித்துக் காட்டுவது என் வேலை.

2. அது உண்மையல்ல. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவற்றைப் பராமரித்தவன் நான். குழாய் நீரில் குளோரின் இருப்பதால், கொதித்து ஆறிய நீரால் மட்டுமே தொட்டியைக் கழுவ வேண்டும் என்பது விதி. அன்று மைத்துனர் பேருந்து நிலையத்தில் காத்திருந்தார். நீர் ஆறும்வரை பொறுக்க மனமின்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். "ஒரு நாள்தானே, என்ன ஆயிடப் போகுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை நான்கும் ஓட்டுக்குள் சுருங்கிச் செத்துக் கிடந்தன.

3. விசாரணையில் தொட்டியில் குளோரின் இருப்பது தெரிந்தது. அறை வாசலில், துப்புரவு செய்யும் பெண் பிளீச்சிங் பவுடர் கரைத்து வைத்த வாளி இருந்தது. "இது யாரோட வாளி?" என்று அப்போதைய இயக்குநர் கேட்டார். "அந்தம்மாவோடதுங்க" என்றேன். அதில் பொய் இல்லை. அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. அன்று மாலையே அந்தப் பெண்ணின் வேலை போயிற்று. என் கண்ணெதிரே அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

4. கடந்த வியாழனன்று அவர் தம் மகளுடன் கூடத்திற்கு வந்தார். "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று முகம் மலர்ந்து கேட்டார். சிறுமி பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவர் கோபப்படுவார் என நினைத்தேன். அவரோ, "வாளியை மூடி வச்சிருக்கணும் அண்ணே. ஒரு சொட்டு தெறிச்சாக்கூட தாங்காதுன்னு நீங்க எத்தனை வாட்டி சொன்னீங்க! ஒரு இனத்தையே இல்லாம பண்ணிட்டேன்" என்றார். செய்யாத பிழையை இத்தனை காலமும் தம்முடையதென்றே நம்பியிருக்கிறார். அப்போதும் நான் சொல்லவில்லை. அடுத்த குழு வந்துவிட்டது என்று சாக்குச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

5. மேற்கண்ட நான்கு பத்திகளையும் இன்று காலை அவர் வீட்டு வாசலில் நின்று வாசித்தேன். முழுவதும் கேட்டார். "எம்பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க" என்று மட்டும் கூறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இம்முறை அவர் என்னை அண்ணே என்று அழைக்கவில்லை.

6. எனவே, "பராமரிப்பாளர் விதியை மீறியதால்" எனப் பலகையைத் திருத்தவும், அப்பெண்ணின் பணிநீக்க ஆணையை ரத்து செய்து அவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் பணிந்து வேண்டுகிறேன். எனக்கு என்ன தண்டனை என்பதைத் தாங்களே முடிவு செய்யலாம். அச்சிறுமிக்குச் சனிக்கிழமை பள்ளி விடுமுறை; அன்று அவளைக் கூடத்திற்கு வரச் சொல்வேன். அதற்குள் திருத்த இயலாவிடில், பழைய பலகையின் முன் நின்றே அவளிடம் சொல்லிவிடுவேன்.

இடம்: காட்சிக்கூட அலுவலறை
நாள்: ஜூன் 9, செவ்வாய்

தலைநிமிர இயலாமல்,
(ஒப்பம்)
முன்னாள் ஆய்வக உதவியாளர்